எண்பத்தைந்து பக்கங்கள்

என் மனைவி பாலேஸ்வரி செய்து நான் பார்த்த கடைசிச் சாதாரண வேலை, ஒரு பெரிய மண்ணிறக் கடித உறையில் தன் தம்பியின் விலாசத்தை எழுதியதுதான். அதற்குப் பிறகும் அவள் சோறு வடித்திருப்பாள், உடுப்பு மடித்திருப்பாள். அவற்றை நான் கவனிக்கவில்லை. இதைக் கவனித்தேன், ஏனென்றால் அந்த உறையைப் பற்றி எங்களுக்குள் ஒரு சின்னத் தர்க்கம் இருந்தது.

2016 பெப்ரவரி இருபதாம் திகதி, சனிக்கிழமை காலை. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, உறையை வைத்து, கறுப்பு மார்க்கரால் எழுதினாள். ஆங்கில எழுத்துகளை அவள் பெரிதாக, ஒன்றோடொன்று முட்டாமல் எழுதுவாள். தொழிற்சாலைப் பெட்டிகளில் எழுதிப் பழகிய கை. எழுதி முடித்து, மை காயும்வரை கையை மேலே தூக்கி வைத்திருந்தாள். பிறகு வாயை ரேப்பால் ஒட்டினாள்.

"இஞ்சாருங்கோ, மருந்துக்கடைக்குள்ளை இருக்கிற தபால் கவுண்டர் நாலு மணிமட்டும் திறந்திருக்கும்."

"திங்கட்கிழமை போடுறன்."

"திங்கள் எண்டால் திங்கள்," என்றாள்.

உறைக்குள் இருந்தது எண்பத்தைந்து பக்க விண்ணப்பப் படிவம். பிரித்தானியாவில் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்த பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர், தங்களுக்கு அங்கே நிரந்தரமாக இருக்கும் உரிமை உண்டு என்று எழுத்தில் வாங்குவதற்கான படிவம். அது கையில் இருந்தால்தான் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கிழமைக்கு முன்னர் நூலகத்தில் அச்சிட்டிருந்தாள். அறுபதாம் பக்கத்தில் தாள் முடிந்துபோக, புதுக் கட்டுப் பிரித்துப் போடும்வரை நின்று, மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு வந்தவள். எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது.

வினோதன் அவளுடைய ஒரே தம்பி. 1991இல் அவன் புறப்பட்டது கனடாவுக்கு, எங்களிடம். அப்போது நாங்கள் பார்க்டேலில் ஓர் ஒற்றை அறை அப்பார்ட்மென்றில் இருந்தோம். அவனுக்காக ஒரு சோபாக் கட்டில்கூட வாங்கி வைத்திருந்தோம். கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் அம்ஸ்ரடாம் விமான நிலையத்தில் அவனை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தல் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான். வினோதன் இரண்டு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுப் பொலிசிடம் போனான். ஹொலண்ட் அவனை எடுத்துக்கொண்டது. மொழி படித்தான், வேலை எடுத்தான், துர்க்காவைக் கல்யாணம் செய்தான், அந்த நாட்டுக் குடிமகன் ஆனான். 2003இல், பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும், கோயிலும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கட்டும் என்று, குடும்பத்தோடு லண்டனுக்கு மாறினான். அந்த நாட்களில் ஐரோப்பாவில் இருந்த எங்கள் ஆட்கள் பலர் அப்படி மாறினார்கள். விசா தேவையில்லை, ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. சாமானை வானில் ஏற்றிக்கொண்டு கப்பலில் கடலைக் கடந்தால் போதும். ஹரோவில் வீடு வாங்கி, அங்கேயே பதின்மூன்று வருடம் இருந்துவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் பாஸ்போட் மட்டும் ஹொலண்ட் பாஸ்போட்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல்நாள்தான் பிரித்தானியப் பிரதமர் பிரசல்ஸில் இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் தன் நாட்டின் உறுப்புரிமைக்குப் புதிய நிபந்தனைகளைப் பேசி வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். இந்த நிபந்தனைகளோடு ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று ஜூன் மாதம் சனத்திடம் கேட்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். வினோதன் சனிக்கிழமைகளில் பத்து மணிக்குத் தொலைபேசி எடுப்பவன், அன்று ஒன்பதுக்கே எடுத்துவிட்டான். பாலா தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தாள்.

"அக்கா, பாத்தியளோ? மனுசன் வாங்கிப்போட்டான்."

"என்னத்தை வாங்கினவன்?"

"கேட்டதிலை முக்கால்வாசி. புதுசா வாறவைக்கு நாலு வருசத்துக்கு முழு உதவிக்காசு இல்லை. 'மேலும் நெருங்கிற ஒன்றியம்' எண்ட கதையும் இனி எங்களுக்கு இல்லை."

"எங்களுக்கு எண்டால் ஆருக்கு?"

"பிரிட்டனுக்கு."

"நீ எப்பயடா பிரிட்டன் ஆனனீ? உன்ரை பாஸ்போட்டிலை சிங்கமெல்லோ நிக்குது. சிலோனிலை வாள் பிடிச்ச ஒரு சிங்கத்துக்குப் பயந்து ஓடிவந்து, வாள் பிடிச்ச இன்னொரு சிங்கத்திட்டைப் போய் நிண்டவன் நீ."

வினோதன் சிரித்தான். அந்தப் பகிடி எங்கள் வீட்டில் இருபது வருடப் பழசு.

"பகிடியை விடுங்கோ. இஞ்சை ஆஸ்பத்திரியிலை இடமில்லை, பள்ளிக்கூடத்திலை இடமில்லை. எங்கடை வெயார்ஹவுசிலை உவங்கள் ருமேனியாக்காரர் கிழமைக்குப் பத்துப்பேர் வாறாங்கள்."

"நீயும் அந்தக் கதவாலை வந்தவன்தான்."

"கதவைப் பூட்டச் சொல்லேல்லை அக்கா, கொஞ்சம் சாத்தச் சொல்லுறம். இருக்கிற வீட்டின்ரை கூரையைத் திருத்தக் கூடாதோ?"

"திருத்தலாம். திருத்தித் தராட்டி வீட்டை விட்டுப் போவன் எண்டு வெருட்டிக்கொண்டு திருத்தேலாது. அப்பிடி வெருட்டினவன் ஒருநாள் போகத்தான் வேணும். இல்லாட்டி அடுத்தமுறை ஒருத்தரும் வெருளாயினம்."

"ஒருத்தரும் போகமாட்டினம். ஜூனிலை நானே போய் 'இருக்கிறம்' எண்டுதான் போடப்போறன். உங்கடை போத்தில் மூடிக் கொம்பனியும் ஐரோப்பாவும் ஒண்டே?"

"கொம்பனி வேறை. சனம் ஒண்டுதான்." பிறகு சொன்னாள், "படிவம் வருது. நிரப்பிப் போட்டு வை. முதல் இருக்கிற உரிமையை எழுத்திலை வாங்கு. பிறகு பிரிட்டன்காரனாகு."

"பிரிட்டன்காரன் ஆனால் ஹொலண்ட் பாஸ்போட் போயிடும். அது அவங்கடை சட்டம். நான் விடமாட்டன். நீங்கள் படிவத்தை அனுப்பினால் நான் திருப்பி அனுப்புவன்."

"அனுப்பு. அதுக்கும் முத்திரை நீதான் ஒட்டோணும்."

அவர்கள் இருவரும் பேசிய கடைசி வார்த்தை அது.

போத்தல் மூடிக் கொம்பனி என்பது பாலா பதினேழு வருடம் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே அவள் தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தைக் கொமிற்றியில் இருந்தாள். 2007இல் அங்கே நடந்ததை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஞாயிறு வேலையைக் கட்டாயமாக்கியதில் எல்லோருக்கும் கோபம். ஒப்பந்தத்தை இடையில் திறந்து பேசுவோம், சம்மதிக்காவிட்டால் வேலைநிறுத்த வாக்கு எடுப்போம் என்று கொமிற்றி கேட்டது. மனேஜர் உடனே சம்மதித்தார். அவர் அவ்வளவு கெதியாகச் சம்மதித்ததில்தான் தனக்கு முதல் சந்தேகம் வந்தது என்பாள் பாலா. திறந்தது ஞாயிறு வேலைக்காக. ஆனால் திறந்த பிறகு எல்லாமே மேசைக்கு வந்தது. நாலு மாதம் பேசிக் கடைசியில் கிடைத்தது ஒரு கடிதம். ஞாயிறு வேலை 'இயன்றவரை' விருப்பத்தின்படி இருக்கும் என்று ஒரு பக்கக் கடிதம். அதை ஏற்பதா என்று சனத்திடம் வாக்குக்கு விட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்த கிழமையில் நிர்வாகம் சாப்பாட்டு அறையில் இருந்த மூன்று மைக்ரோவேவ் அடுப்புகளில் இரண்டை எடுத்துவிட்டது. மீன்குழம்பு மணக்கிறது என்று யாரோ முறைப்பாடு சொன்னார்களாம். அரை மணித்தியால இடைவேளையில் எழுபது பேர் ஓர் அடுப்புக்கு முன்னால் சோற்றுப் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை வாக்குப் போட்டார்கள். அந்தக் கடிதம் தோற்றது. பழைய ஒப்பந்தமும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில், ஆறு மாதத்தில் நிர்வாகம் இரண்டு இயந்திர வரிசைகளை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோனது. நாற்பது பேருக்கு வேலை போனது.

"மைக்ரோவேவுக்குப் போட்ட வாக்கு," என்பாள் பாலா. "நீங்கள் ஒரு கேள்வியைக் கேப்பியள். சனம் தன்ரை மனசிலை இருக்கிற வேறை கேள்விக்கு மறுமொழி சொல்லும். அதுக்காகச் சனத்திலை பிழை சொல்லேலாது. கேட்டவன் யோசிச்சிருக்கோணும்."

நான் வினோதன் பக்கம். நகர மத்தியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிட்டி மேசையில் இருபது வருடம் இருந்து, மற்றவர்கள் விட்டுப்போகும் பேப்பர்களை வாசித்தவன் நான். நாடுகள் என்றால் அப்படித்தான், பேசும், விட்டுக்கொடுக்கும், பேசும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. 1995இல், கனடாவைவிட்டுப் பிரிவதா என்று கியூபெக் மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பை பார்க்டேல் வீட்டில் ரீவியில் பார்த்தபோதும், பிரியமாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். அரை வீதத்தில் நான் சொன்னது சரியாகியது. "அரை வீதத்திலை தப்பினதைப் போய் நீங்கள் சரி எண்டுறியள்," என்றாள் அவள். ஒப்பந்தம் என்றாலே கிழிபடுவதற்குத்தான் என்று ஊரில் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். நான் அதை மறக்க முயன்றேன். அவள் முயலவில்லை.

ஆகவேதான் திங்கட்கிழமை போடுகிறேன் என்றேன். வெளியே வெயில், வீதியில் பனி இல்லை, மருந்துக்கடை ஐந்து நிமிடம். போயிருக்கலாம்.

ஞாயிறு காலை பாலா குளியலறையில் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. செவ்வாய்க்கிழமை, இருபத்துமூன்றாம் திகதி, பிற்பகல் இரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரியில் காலமானாள். ஐம்பத்தெட்டு வயது. வேறு ஒன்றும் அதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மகள் கஜனி அப்போது லண்டனில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மாமன் வீட்டு மேல் அறையில்தான் இருந்தாள். புதன்கிழமை அவளும் வினோதனும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினார்கள். அக்காவுக்குப் போர்த்த ஒரு பச்சைச் சேலை கொண்டுவந்திருந்தான் வினோதன். அவன் அழவில்லை. பார்வைக்கு வைத்திருந்த இரண்டு நாளும் மண்டபத்தின் முன்வரிசையில், ஜக்கற்றைக் கழற்றாமல், விமானத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தான்.

இரண்டாம் நாள் மாலை றோசலின் வந்தார். பாலாவோடு தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று வேலை செய்தவர், கொமிற்றியிலும் ஒன்றாக இருந்தவர். கையில் செபமாலையைச் சுற்றியபடி வினோதனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நீங்கள் தம்பியே? உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. லண்டன்காரன் தலைக்கனம் பிடிச்சவன் எண்டு சொல்லுவா."

"கடைசியாயும் சண்டைதான் பிடிச்சனாங்கள் அன்ரி," என்றான் வினோதன். "அந்த மைக்ரோவேவ் கதையைத்தான் எனக்கும் சொல்லுவா. அக்காவுக்கு ஆரும் எதையும் மாத்தினால் பிடியாது. அந்தக் கொமிற்றியிலையும் அவ வேண்டாம் எண்டுதான் நிண்டிருப்பா."

றோசலின் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் சொன்னது? திறக்கோணும் எண்டு முதல் கை தூக்கினதே அவதான். மற்ற நாலு பேரும் யோசிச்சம். நானும் வேண்டாம் எண்டனான். மேசையிலை அடிச்சுக் கதைச்சு எங்களையெல்லாம் சம்மதிக்கப் பண்ணினது பாலா. வேலை போன நாற்பது பேரிலை பதினொரு பேரை அவ நேரை வீட்டுக்குப் போய்ப் பாத்தவ. ஒரு வீட்டிலை கதவு திறக்கேல்லை. வெளியிலை நிண்டு, கையிலை கொண்டுபோன சாப்பாட்டை வைச்சிட்டு வந்தவ."

எனக்கு அது தெரியாது. ஒன்பது வருடமாக அந்தக் கதையை அவள் சொல்லும்போது, 'கொமிற்றி கேட்டது', 'கொமிற்றி திறந்தது' என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அந்த நாட்களில் வேலை முடிந்து பிந்தி வருவாள், சங்க அலுவல் என்பாள். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பேன்.

வினோதன் எழுந்து ஜக்கற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டான்.

அவன் திரும்பிப் போகிற நாள், மார்ச் ஐந்தாம் திகதி, காரின் பின்பெட்டியில் அவனுடைய பையை வைத்த பிறகு, உறையை எடுத்து நீட்டினேன்.

"அக்கா உமக்குத் தரச்சொன்னது. நான்தான் தபாலிலை போடாமல் விட்டிட்டன்."

அவன் விலாசத்தைப் பார்த்தான். வாங்கவில்லை.

"அத்தான், அந்த ஏயர்போட்டிலை என்னை விட்டிட்டுப் போனதுக்குப் பிறகு நான் முதல் போய் நிண்டது ஒரு ஹொலண்ட் பொலிஸ்காரியிட்டை. கோப்பி வாங்கித் தந்திட்டு, குடிச்சு முடியுமட்டும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. அந்தப் பாஸ்போட்டை நானாக் கொண்டுபோய்க் குடுக்கமாட்டன்."

"இது பாஸ்போட்டைக் கேக்கேல்லை. இருக்கிற உரிமையை எழுதி வாங்கத்தான்."

"அடுத்த படி அதுதானே. வாக்கு முடியட்டும். 'இருக்கிறம்' எண்டு வந்திட்டால் இதுக்கு அலுவலில்லை. நீங்களும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்?"

அப்படித்தான் சொல்லியிருந்தேன். உறையைக் கொண்டுவந்து குசினி லாச்சியில், கரண்டிகளுக்குக் கீழே வைத்தேன்.

மே மாதத்தில் ஒருநாள், லண்டனுக்குத் திரும்பிப் போயிருந்த கஜனி எடுத்தாள்.

"அப்பா, போலிங் கார்ட் வந்திருக்கு. எனக்கு."

"உனக்கோ? நீ கனேடியன் எல்லோ."

"ஓம். கொமன்வெல்த் நாட்டு ஆக்கள் இங்கை லீகலா இருந்தா வோட் பண்ணலாமாம். ஐ கூகுள்ட் இற். ஆனா மாமாக்கு இல்லை. மாமிக்கும் இல்லை. ஈயூ ஆக்களுக்கு இந்த வோட் இல்லையாம்." குரலைத் தாழ்த்தினாள். "மாமா கீழ இருக்கிறார். கார்ட்டைப் பாத்ததில இருந்து கதைக்கேல்ல."

நடந்தது இதுதான். பதின்மூன்று வருடமாக வினோதன் உள்ளூராட்சித் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குப் போட்டு வந்திருக்கிறான். கோயில் மண்டபத்தில் நின்று மற்றவர்களுக்கு எப்படிப் போடுவது என்று விளக்கியும் இருக்கிறான். ஆகவே இதற்கும் தனக்கு வாக்கு இருக்கிறது என்றே நினைத்திருந்தான். போன இலையுதிர்காலத்தில் வீட்டில் வசிப்பவர்கள் விபரம் கேட்டு வந்த படிவத்தில், ஒழுங்காக, கனேடியப் பிரஜை என்று கஜனியின் பெயரையும் தன் கையாலேயே சேர்த்திருந்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரேயொரு வாக்கு. அதுவும் செப்டெம்பரில் வந்து மேல் அறையில் இருந்தவளுக்கு.

அவன் தொலைபேசியை வாங்கினான்.

"அத்தான், நேற்று வந்த ஒரு சிலோன் பொடியன், எங்கடை வெயார்ஹவுசிலை ஸ்ருடன்ற் விசாவிலை நிக்கிறவன், அவனுக்கும் வாக்கு இருக்காம். சிலோன் பாஸ்போட். கொமன்வெல்த்தாம். எனக்கு இல்லையாம்." சிரித்தான், ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. "அந்தச் சிங்கத்தை வைச்சிருந்தாலும் வாக்குக் கிடைச்சிருக்கும். அக்கா இருந்திருந்தால் இதை ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரிச்சிருப்பா."

"ரெண்டு வருசத்துக்கு," என்றேன்.

ஜூன் இருபத்துமூன்றாம் திகதி, பாலா போய்ச் சரியாக நாலு மாதம். அன்று பின்னேரம் கஜனி வாக்குச்சாவடி வாசலில் நின்று எடுத்தாள். அங்கே மழையாம். வினோதன் குடை பிடித்துக்கொண்டு வாசல்மட்டும் கூட வந்திருக்கிறான்.

"அப்பா, அம்மா என்ன சொல்லியிருப்பா?"

"சனத்திட்டை இதைக் கேட்டிருக்கக் கூடாது எண்டு சொல்லியிருப்பா. கேட்டாச்சு. நீ மாமாவை நினைச்சுப் போடு."

"மாமா ஒண்டும் சொல்லமாட்டன் எண்டுறார். அது உன்ரை வாக்கு, நான் சொல்லக்கூடாது எண்டு டச் மாதிரிக் கதைக்கிறார்."

அவள் இருப்பதற்கே போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தபோது, வெளியேறுவது என்று முடிவு வந்திருந்தது. நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். ஏழு மணிக்கு வினோதன் எடுத்தான். வேலைக்குப் போகவில்லை என்றான்.

"பெப்ரவரியிலை வாங்கின அந்தக் கடதாசிக்கு என்ன நடந்தது அத்தான்? நாலு மாசமா ரீவியிலை ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. ஒரு வரி கதைக்கேல்லை."

நான் பேப்பரில் வாசித்திருந்தேன். வெளியேறுவது என்று முடிவு வந்தால் அந்த ஏற்பாடுகள் முழுவதும் இல்லாமல் போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அவனுக்கு அதைச் சொன்னேன்.

"அப்ப அது இப்ப இல்லையோ?"

"இல்லை."

"கஜனி சொல்லுறாள், மைக்ரோவேவ் வோட் எண்டு," என்றான். "பக்கத்து வீட்டு மனுசி காலமை வந்து, நீங்கள் போகத் தேவையில்லை, உங்களை நினைச்சு நாங்கள் போடேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போறா. நல்ல மனுசி. என்னத்தை நினைச்சுப் போட்டவ எண்டு நான் கேக்கேல்லை." பிறகு கேட்டான், "அத்தான், அக்காவின்ரை உறை இருக்கோ?"

"இருக்கு. இண்டைக்கே போடுறன்."

"வேண்டாம். இஞ்சை நானே எடுத்து நிரப்புறன், புதுசும் வந்திருக்கும். அதுக்குள்ளை அவ ஏதும் எழுதி வைச்சிருக்கிறாவோ எண்டு மட்டும் பாருங்கோ. கடைசி மாசம் ஒவ்வொரு சனியும் திகதி கேட்டுக்கொண்டிருந்தவ. எந்த நாள் கடல் கடந்தனீ, எந்த நாள் வேலை தொடங்கினனீ எண்டு. எனக்கு அப்ப எரிச்சல்."

லாச்சியைத் திறந்து, உறையின் வாயில் இருந்த ரேப்பைக் கத்தியால் மெதுவாக அறுத்தேன். வெறும் படிவம் என்றுதான் நாலு மாதமாக நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் பென்சிலால் நிரப்பியிருந்தாள். வினோதனின் முழுப் பெயர், பிறந்த திகதி, கப்பல் வந்து சேர்ந்த நாள், முதல் வேலை, இரண்டாவது வேலை. ஒரு பக்கத்தில், கடந்த வருடங்களில் பிரித்தானியாவை விட்டு வெளியே போன ஒவ்வொரு தடவையையும் எழுதச் சொல்லியிருந்தது. போன திகதி, வந்த திகதி, எங்கே, ஏன். அதையும் எழுதியிருந்தாள்.

தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு, நான் வாசிக்க அவன் எழுதினான்.

"2011 ஜூலை, ரொறன்ரோ, பன்னிரண்டு நாள்."

"கஜனியின்ரை அரங்கேற்றம்."

"2013 டிசம்பர், ரொறன்ரோ, பதினாறு நாள்."

"ஐஸ் மழை. பிளேன் ரெண்டு நாள் பிந்தினது. கரண்ட் இல்லாமல் எல்லாரும் ஒரு அறைக்குள்ளை படுத்தம்."

"2014 செப்டெம்பர், ஹொலண்ட், ஆறு நாள்."

"துர்க்காவின்ரை அம்மா."

அதற்குக் கீழே கோடு போட்ட வரிகள் வெறுமையாக இருந்தன. நான் நிறுத்தினேன். அவனுக்கும் விளங்கியது.

"அடுத்தது எனக்குத் தெரியும்," என்றான். "பெப்ரவரி இருபத்துநாலு தொடக்கம் மார்ச் ஆறு. ரொறன்ரோ. அத்தான், ஏன் போனது எண்ட இடத்திலை அக்கா மற்றதுகளுக்கு என்னெண்டு எழுதியிருக்கிறா?"

"எல்லாத்துக்கும் 'குடும்பம்' எண்டுதான்."

"அப்ப நானும் அப்பிடியே எழுதுறன்."

மறுமுனையில் பேனா ஓடுவது கேட்டது. அது நின்ற பிறகும் நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவனும் துண்டிக்கவில்லை. துர்க்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் போனான்.

அந்த உரிமையை அவனுக்கு எழுத்தில் கொடுக்க எட்டு மாதம் எடுத்தது. அதற்கு அடுத்த படியாகிய குடியுரிமைக்கு அவன் போகவில்லை. போகச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. 2019இல் எல்லாவற்றையும் மாற்றி, ஒன்றிய நாட்டவர் எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். இந்த முறை பக்கங்களே இல்லை. பாஸ்போட்டைத் தொலைபேசியில் காட்டி, முகத்தையும் காட்ட, இரண்டு நாளில் பதில் வந்ததாம். "எண்பத்தைஞ்சு பக்கமும் வீண், அத்தான்," என்றான். "ஆனால் அந்தத் திகதியள் இல்லாட்டி நான் அண்டைக்குத் தொடங்கியிருக்கமாட்டன்."

பாலா பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லலாம். அவனை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அவன் நம்பியதுபோலவும் நடக்கவில்லை. இப்போது வெளியே போன பிறகு, மீண்டும் எப்படி நெருங்குவது என்று அந்த நாட்டில் பேசுகிறார்களாம். சனிக்கிழமைகளில் வினோதன் அதைச் சொல்லும்போது, "உதிலை என்ன கிடைக்கும் எண்டு நினைக்கிறீர்?" என்று நான் கேட்பேன். "ஒரு கடிதம்," என்பான். கஜனி வேலை கிடைத்துத் திரும்பி வந்து, கல்யாணம் செய்து, இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் இருக்கிறாள். றோசலின் வருடத்தில் ஒருமுறை, பெப்ரவரியில், மீன்குழம்பு கொண்டுவந்து தருவார்.

உறை இன்னும் லாச்சியில்தான் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவருகிறது. வெளியே அவள் மார்க்கரால் எழுதியது மங்கவில்லை. வினோதன் அதே வீட்டில்தான் இருக்கிறான். வீட்டு இலக்கம், வீதி, ஹரோ, தபால் குறியீடு எல்லாம் அவள் எழுதியபடியே சரி.